கரையேறியவர்களின் மனம்

அரசாங்கத்தின் மேற்பார்வையில் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில். 1955 முதல் நடந்துவந்த அந்த வரிசையின் இறுதிப் பருவத்தில், இருபது வயது இளைஞராய்த் தோணியேறி, கயிற்றில் கட்டிய கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திலிருந்த சிப்பிப் பார்களுக்கு இறங்கி, ஒரு மூச்சு தாங்கும் அளவுக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறியவர் ஒருவர் இன்றும் இருப்பாராகில், அவருக்கு எண்பது வயது கடந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட ஒருவரை அவருடைய மகள், ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவுக்குக் கைபிடித்து அழைத்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பங்குனி மாதம். எதிரே உட்கார்ந்திருப்பவர், படிப்பை முடித்து ஆறு மாதமே ஆன ஹவுஸ் சர்ஜன்.

"ஐயா, இன்னிக்கு என்ன தேதி?"

கிழவர் அந்த இளைஞருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சற்றுப் பொறுத்துச் சொல்கிறார்: "வாடை நின்னு போச்சு, தம்பி. கச்சான் இன்னும் எழும்பலை."

இளைஞர் கேஸ் ஷீட்டில், 'காலம் பற்றிய தெளிவு இல்லை' என்று எழுதுகிறார்.

இக்கரையில் வேலை பார்த்த வைத்தியர் எவருக்கும் இக்காட்சி புதிதாயிராது. கிழவர் சொன்ன விடையில் குற்றம் ஒன்றுமில்லை என்பதே இதில் விசேஷம். வாடைக் காற்று அடங்கி, கச்சான் காற்று கிளம்புவதற்கு முன், கடல் தெளிந்து கிடக்கும் அந்த இடைவேளைதான் சலாபத்துக் காலம். நாட்காட்டியைப் பாராமல் காற்றைப் பார்த்தே அறுபது வருஷம் வாழ்ந்த மனிதர், தாம் இருக்கும் பருவத்தைப் பிசகில்லாமல் கூறியிருக்கிறார். பிசகு கேட்டவருடைய கல்வியில் இருந்தது. அந்தக் கல்வி நம்முடைய நாட்டில் எப்படி உண்டாயிற்று, எந்தெந்த ஊர்களின் வழியாக இந்த முத்துக் கரையை வந்தடைந்தது என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

மனத்துக்கென்று தனியாக ஓர் உத்தியோகஸ்தனை நியமித்துச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் இக்கரைக்குப் புதியதன்று. சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டுபவன் என்று பெயர்பெற்ற கடல்கட்டி, சலாபத்தின் ஒவ்வொரு பருவத்திலும் கரையில் அமர்த்தப்பட்டான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவே, மீன்களுக்கு மந்திரம் போடுபவர்களுக்கு முத்தில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதை எழுதி வைத்திருக்கிறான். பின்னால் வந்த ஆங்கில அரசாங்கம் மந்திரத்தில் நம்பிக்கை வைத்திருந்ததாகச் சொல்ல முடியாது. ஆயினும், கடல்கட்டி கரையில் இல்லையென்றால் குளியாட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதை அனுபவத்தில் கண்ட துரைமார்கள், அவனுக்கும் கணக்கில் ஒரு செலவு எழுதிக் கூலி கொடுத்து வந்தார்கள். சுறா கட்டுண்டதோ இல்லையோ, பயம் கட்டுண்டது. மனிதனுடைய அச்சம் ஒரு நிஜமான பொருள், அதற்கு வைத்தியம் பண்ணாவிட்டால் வேலை நடவாது என்ற ஞானம், அக்காலத்துக் கணக்குப்பிள்ளைக்கு இருந்த அளவு பிற்காலத்து மருத்துவப் பாடத்திட்டம் வகுத்தவர்களுக்கு இருந்ததா என்பது சந்தேகமே.

இன்னொரு பழைய விஷயத்தையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1547ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்து, 1600இல் மறையும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பரதவர் நடுவே வாழ்ந்த என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியார், தமிழில் புத்தகம் அச்சிட்டவர் என்ற அளவில் எல்லோருக்கும் தெரிந்தவர். அவர் புன்னைக்காயலில் ஏழைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரியையும் ஏற்படுத்தினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருக்கு முன்னே வந்த சவேரியார், பிறர் மொழிபெயர்த்துக் கொடுத்த ஜெபங்களை மனப்பாடம் செய்து கரைதோறும் ஓதினார். என்றீக்கஸோ துபாஷியை விலக்கிவிட்டு, ஜனங்கள் தம் மனக்குறையைத் தம் சொல்லாலேயே கூறக் கேட்கும்படி தமிழைக் கற்றார். நோயாளியின் பாஷையைக் கற்காமல் அவனுடைய மனத்தைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது என்ற பாடத்துக்கு இக்கரையில் இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிந்திய வரலாறு அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலண்டைன் கானலி என்ற வைத்தியர் புரசைவாக்கத்தில் தொடங்கிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறி, காலக்கிரமத்தில் பெயரும் மாறி, இன்று மனநல மருத்துவ நிலையமாக விளங்குகிறது. தென் ஜில்லாக்களில் சித்தம் கலங்கித் தெருவில் திரிபவர்களுக்கும் நெடுங்காலம் அதுவே புகலிடம். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகும் அது ஓர் இரவும் ஒரு பகலும் கொண்ட யாத்திரை. ஆனால் கிழவர்களை யார் அங்கே அனுப்பினார்கள்? அடுப்பில் வைத்த உலையை மறக்கும் பாட்டியையும், செத்துப்போன தம்பியைக் காணோம் என்று கடற்கரையில் தேடும் தாத்தாவையும், 'வயசானா அப்படித்தான்' என்று வீடு ஏற்றுக்கொண்டது. இக்கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தார் அதற்கு 'அறளை பெயர்தல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அழகான சொல், அதில் நிந்தையும் இல்லை, நோய் என்ற எண்ணமும் இல்லை. நிந்தை இல்லாதது நன்மையே. நோய் என்ற எண்ணம் இல்லாமற்போனதுதான் வைத்தியத்துக்குக் கதவை அடைத்தது.

அந்தக் கதவு மேல்நாட்டிலும் சீக்கிரத்தில் திறந்துவிடவில்லை. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கே வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகி மூன்று வாரம் கழிவதற்குள், ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்து வைத்தியர் சபையில் அலாய்ஸ் அல்சைமர், ஞாபகம் அழிந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். சபையில் இருந்தவர்கள் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. தூத்துக்குடியில் சலாபத்தின் கடைசி வரிசை தொடங்கிய 1955இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மார்ட்டின் ராத், மனநோய் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் முதியவர்கள் அனைவரையும் 'மூளை தேய்ந்தவர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைப்பது தவறு என்று காட்டினார். கிழப்பருவத்து மனச்சோர்வு வேறு, திடீரென்று வரும் சித்தக் குழப்பம் வேறு, இரத்தக் குழாய் கெட்டு வருவது வேறு, உண்மையான மறதி நோய் வேறு, முதுமையில் புதிதாய்த் தலைகாட்டும் சந்தேக நோய் வேறு. இவற்றுள் சில குணமாகும். 'சில குணமாகும்' என்ற இந்த ஒரு வாக்கியந்தான், இளம் வைத்தியனுக்கு முதியோர் மனநலத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியத்தையே உண்டாக்கியது. எதுவும் குணமாகாது என்றால் கற்பதற்கு என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் அக்கல்வி இரண்டு ஊர்களில் வேர்பிடித்தது. ஒன்று சென்னை. இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் பயின்று திரும்பிய டாக்டர் வி.எஸ்.நடராஜன், 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென ஒரு புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்துப் படுக்கைகள் கொண்ட வார்டும், 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டப்படிப்பும் வந்தன, இந்தியாவில் இத்துறைக்கு அப்படி ஒரு பட்டம் அதுவே முதல். இவ்வளவு பெரிய காரியம் ஒரு புறநோயாளிப் பிரிவின் மேசையும் நாற்காலியுமாக ஆரம்பித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தைரியமுள்ள ஒருவர் உட்கார்ந்துகொண்டால், சில சமயம் அவரைச் சுற்றி ஒரு துறையே எழும்பிவிடுகிறது.

மற்றொன்று மதுரை, என் மனம் அதிகம் சார்வது இதன் பக்கமே. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநோயியல் பேராசிரியராயிருந்த ஏ.வெங்கோபராவ், நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருந்தவரல்லர். அவரும் அவருடன் ஆராய்ந்த மாதவனும் மதுரைக்கு அருகிலிருந்த, பட்டணமும் கிராமமும் அல்லாத ஒரு பகுதியில் அறுபது வயது கடந்தவர்களை வீடு வீடாகச் சென்று விசாரித்து, 1982இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் முதியவர்களில் 89 பேருக்கு மனநோய் இருந்தது. அவற்றுள் பெரும்பங்கு மறதி நோய் அன்று, மனச்சோர்வு. அதாவது 'வயசானா அப்படித்தான்' என்று திண்ணையில் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர், மருந்தாலும் பேச்சாலும் மீட்கத்தக்கவர்கள். அக்காலத்தில் மதுரையில் பயின்ற மாணவர்கள் தெற்கு ஜில்லாக்களுக்குப் பரவினார்கள். ஆசிரியர் ஒருவரின் கணக்கெடுப்பு எத்தனை ஊர்ப் புறநோயாளிப் பிரிவுகளில் ஒரு கேள்வியாக மாறியிருக்கும் என்பதை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

தூத்துக்குடிக்கு இக்கல்வி தாமதமாகவே வந்தது. இவ்வூர்ப் பிள்ளைகள் வைத்தியம் படிக்க வேண்டுமானால் முதலில் சென்னைக்கோ மதுரைக்கோ போனார்கள். 1965க்குப் பின் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். 1974இல் தூத்துக்குடி பெரிய துறைமுகம் என்ற அந்தஸ்தைப் பெற்று, தோணிகளின் இடத்தை இரும்புக் கப்பல்களும் பாரந்தூக்கிகளும் பிடித்துக்கொண்டன. மருத்துவக் கல்லூரி ஏற்பட்டதோ 2000ஆம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தை எழுதாமல் இவ்வரலாற்றைக் கடந்துபோக முடியாது.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5ஆம் தேதி தூத்துக்குடியில் பனிமய மாதா பெருவிழா. 2001இல் அவ்விழாவுக்கு மறுநாள் விடிவதற்கு முன், இதே மன்னார் வளைகுடாவின் கரையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தவர்களைத் தங்கவைத்த ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். இருபத்தெட்டு உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது; மாவட்ட மனநலத் திட்டம் என்று காகிதத்தில் இருந்தது கரையோர மாவட்டங்களில் மெல்ல மெல்ல உருவெடுத்தது; 2017ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை வெளிப்படையாகவே தடைசெய்தது. கடவுளிடமோ பெரியோர்களின் அடக்கஸ்தலங்களிடமோ நம்பிக்கை வைத்து வந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் வேறு எங்கே போயிருக்க முடியும்? அவர்களுடைய பாஷையில் கேள்வி கேட்கத் தெரிந்த வைத்தியர், அவர்கள் ஊருக்கு ஐம்பது மைல் சுற்றளவில் எத்தனை பேர் இருந்தார்கள்?

அக்காலத்து மருத்துவ மாணவனுக்கு மனநோயியலில் கிடைத்த பயிற்சி இரண்டு வாரம். அதற்குத் தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவத் தாளில் ஒரு மூலையில் ஒரு கேள்வி வரும், வராமலும் போகும். வராத கேள்விக்கு எந்த மாணவன் படிப்பான்? 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் அந்த வாரங்களைச் சற்று நீட்டியது. 2021ஆம் ஆண்டு விதிகள், ஹவுஸ் சர்ஜன் காலத்தில் இரண்டு வாரம் மனநலப் பிரிவில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கின. அந்தச் சில வாரங்களில் முதியவர் ஒருவர் எதிரே வந்து உட்காருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இனி, தொடக்கத்தில் விட்டுவந்த கிழவரிடம் திரும்புவோம். இளம் வைத்தியர் அவரிடம் கேட்ட கேள்வி, 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மற்றொருவரும் வகுத்த, முப்பது மதிப்பெண் கொண்ட ஒரு பரீட்சையிலிருந்து வந்தது. தேதி, கிழமை, இருக்கும் மாடி ஆகியவற்றைக் கேட்பது, ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வது அதன் முறை. பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத ஒருவர் இதில் தோற்பதற்கு மூளை தேயவேண்டிய அவசியமில்லை. இதை உணர்ந்து, ஹரியானாவின் பல்லப்கரில் ஆராய்ந்தவர்கள், எழுத்தறியாத கிராமத்தாருக்கு ஏற்ப அப்பரீட்சையை மாற்றி 1995இல் வெளியிட்டார்கள். எழுதச் சொல்வதற்குப் பதிலாக வாயால் சொல்லச் சொன்னார்கள், கிழமைகளைப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். 1998இல் கொச்சியில் உருவான '10/66' என்ற ஆராய்ச்சிக் குழு, மறதி நோயுள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 10 சதவீதமும் இல்லை என்ற அநியாயத்தையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அதன் நிலையங்களாகச் சென்னையும் வேலூரும் இருந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கே.எஸ்.ஜேக்கபும் அவருடைய மாணவர்களும், நோயாளியை மட்டுமன்றி வீட்டாரையும் விசாரித்து அறியும்படியான எளிய வினாத்தொகுதிகளைத் தமிழருக்கென்றே அமைத்தார்கள்.

வீட்டாரை விசாரிப்பது என்றவுடன் சலாபத்தின் ஒரு சம்பிரதாயம் நினைவுக்கு வருகிறது. குளியாள் இறங்கும்போது மேலே தோணியில் கயிற்றைப் பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாக இருப்பான், தன் தங்கை தாலியை நினைத்தாவது கைவிடமாட்டான் என்று சொல்வார்கள். எல்லாத் தோணியிலும் அப்படி இருந்ததோ என்னவோ. இந்தக் கதை எத்தனையோ பிரசங்கங்களில் அடிபட்டுத் தேய்ந்தும் விட்டது. ஆனாலும் கயிறு பிடித்தவனுக்கு ஒன்று தெரியும்: கீழே இருப்பவன் இயல்பாக எத்தனை எண்ணிக்கை தங்குவான் என்பது. இன்றைக்கு இத்தனை நேரமாயிற்றே என்று முதலில் உணர்பவன் அவன்தான். மகளைக் கேட்டால் அவளும் அப்படியே சொல்லுவாள்: "ஆறு மாசத்துக்கு முந்தி கணக்கெல்லாம் அப்பாதான் பார்த்தாக. இப்ப ரூபாய் நோட்டே பிரிச்சுப் பார்க்கத் தெரியலை." அல்லது, "போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்தாக." இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே ஒரு சாஸ்திரமே இருக்கிறது. முதலாவது மெல்ல வரும் மறதி நோய்க்குச் சாட்சி. இரண்டாவது, உடம்பில் எங்கோ கெட்டிருக்கிறது, உடனே பார் என்ற எச்சரிக்கை. மூத்திரத் தாரையில் கிருமியாக இருக்கலாம். வெயிலில் நீர் வற்றியதாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்குத் தின்ற நீர்மாத்திரையால் இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். நாட்டுக்கெல்லாம் உப்பு விளைவித்து அனுப்பும் இவ்வூரில், 'உப்புக் குறைஞ்சு போச்சு' என்று கிழவர்கள் புத்தி பேதலித்து வந்து படுக்கையில் விழுவதைப் போன்ற விசித்திரம் வேறில்லை. இரண்டு மூன்று நாள் கவனமாக உப்பை ஏற்றினால், அதே கிழவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கிறார்.

அந்தக் கிழவர் பதில் சொல்வதற்கு முன் இளைஞரின் உதட்டையே பார்த்தாரே, அதையும் கவனித்திருக்க வேண்டும். பத்துப் பாகம் ஆழத்தில் நீரின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும். வெறுங்காதோடு பருவத்துக்குப் பருவம் இறங்கியவர்களில் காதில் இரத்தம் கண்டவர்கள் பலர். அவர்களும் அவர்களுக்குப் பின் சங்கு குளித்தவர்களும் முதுமையில் மந்தச் செவியராவதில் அதிசயமில்லை. காது கேளாதவர் பாதிக் கேள்வியைக் கேட்டுப் பாதி விடை சொல்கிறார்; மறதி நோய் என்று பெயர் பெற்றுவிடுகிறார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. கேட்கும் திறன் குறைவதே பின்னாளில் மறதி நோய் வருவதற்குரிய காரணங்களில் ஒன்று, அதுவும் தடுக்கக்கூடிய காரணம் என்பதை இன்றைய ஆராய்ச்சி உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆகவே இக்கரையில் முதியவரின் மனத்தைப் பரிசோதிக்கப் போகும் இளைஞர், முதலில் அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். பெரிய கலாசாலை வேண்டியதில்லை. ஒரு விளக்கும், பக்கத்தில் நின்று 'முதலில் காதைப் பார்' என்று சொல்ல ஒரு மூத்த வைத்தியரும் போதும். விளக்கு எங்கும் கிடைக்கிறது.

2011 குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டு ஜனங்களில் அறுபது வயது கடந்தவர்கள் 10.4 சதவீதம், இந்தியா முழுவதற்கும் அது 8.6. அறுபது கடந்த இந்தியர்களில் மறதி நோயுள்ளவர்கள் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று அண்மைய தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னை கிண்டியில், 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. மகிழத்தக்க செய்தி. ஆனால் தூத்துக்குடி திரேஸ்புரத்துக் கிழவர் கிண்டிக்குப் போகப்போவதில்லை; தம் ஊர் ஆஸ்பத்திரிக்கு, யாராவது கைபிடித்து அழைத்துப் போனால், போவார். அங்கே எதிரே இருக்கப்போவது அந்த ஹவுஸ் சர்ஜன்தான். சேலத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்த, கடலை அதற்கு முன் அதிகம் பாராத, கெட்டிக்காரப் பிள்ளை. வாடைக்கும் கச்சானுக்கும் வித்தியாசம் அறியாதது அவருடைய குற்றமன்று. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் ஒன்றும் அச்சாகவில்லை.

ஆகையால், இதைப் படிப்பவர் வீட்டில் அந்தக் கடைசிச் சலாபத்தில் தோணியேறியவரோ, அதற்குப் பின் சங்கு குளித்தவரோ, உப்பளத்தில் கூலிக்குப் போனவரோ இருந்து, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் நாள் வந்தால், வைத்தியர் கேட்பதற்கு முன்பாகவே அதைச் சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டில் பெயர், வயது, முகவரிக்குப் பக்கத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் 'இல்லை' என்றே எழுதுகிறார்கள்.